மழுங்குதல் என்னும் ஒற்றைச் சொல்

கத்தி மழுங்கிவிட்டது என்கிறோம். அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் குறைந்தது மூன்று நிகழ்வுகள் அடங்கியுள்ளன. வெட்டப்படும் பொருள் உரசி விளிம்பு தேய்ந்திருக்கலாம்; அழுத்தம் தாளாமல் ஒருபுறம் மடங்கியிருக்கலாம்; நுண்ணிய சில்லுகளாக உதிர்ந்திருக்கலாம். மொழியியல் பயின்றவன் என்பதால், ஒரு சொல் பல பொருள்களை மூடி நிற்கும் இடங்களில் நான் சற்று நின்றுவிடுவது வழக்கம். இம்முறை நிறுத்தியது ஒரு சமையல் கத்தி.

ஐதராபாத்தில் நாங்கள் நால்வர் ஒரு வீடெடுத்துச் சேர்ந்து சமைக்கிறோம். பொருளறிவியலில் ஆய்வு செய்யும் நண்பருக்கு அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கத்தி அது. எஃகின் பெயர் சிபிஎம் எஸ்90வி. அதில் கரிமம் 2.3 விழுக்காடு, குரோமியம் 14, வனேடியம் 9. மாதக்கணக்கில் வெங்காயமும் தக்காளியும் நறுக்கியும் அதன் கூர் குறையவில்லை.

காரணம் வனேடியம் கார்பைடு. விக்கர்ஸ் அளவில் அதன் கடினத்தன்மை ஏறத்தாழ 2,800. அதைச் சுற்றியுள்ள எஃகுக்கோ 800 அளவில்தான். இவ்வளவு வனேடியத்தை வழக்கமான வார்ப்பில் சேர்த்தால், மெல்லக் குளிரும்போது கார்பைடுகள் பெருங்கட்டிகளாகத் திரண்டுவிடும். தூள் உலோகவியலில் உருகிய எஃகை வளிமத்தால் சிதறடித்து, நொடிப்பொழுதில் உறையும் துகள்களாக்கி, பின்னர் வெப்பத்திலும் உயர் அழுத்தத்திலும் ஒன்றாக்குகிறார்கள். கார்பைடுகள் நுண்ணியவையாகச் சீராகப் பரவுகின்றன. ஆனால் இம்முறை கார்பைடின் உருவத்தைச் சிறிதாக்குகிறதே தவிர, அதன் அளவைக் குறைப்பதில்லை. கார்பைடு பெருகப் பெருக, எஃகு அடி தாங்கும் தன்மையை இழக்கிறது. விளிம்பை மிக மெல்லியதாகத் தீட்டினால், எலும்பிலோ உறைந்த இறைச்சியிலோ பட்டுச் சில்லு உதிர்கிறது. 14.5 விழுக்காடு வனேடியம் கொண்ட சிபிஎம் 15வி போன்றவற்றில் இந்த நெருக்கடி இன்னும் கூடுகிறது.

அப்படியானால் இவ்வகை எஃகுகள் தரப்பட்டியல்களில் முன்னிற்பது எப்படி? கூர் தாங்கும் திறனை அளக்கும் கேட்ரா சோதனையில், மணற்சத்தான சிலிக்கா கலந்த அட்டையைக் கத்தி மீண்டும் மீண்டும் அறுக்கிறது. சிலிக்காவைவிட வனேடியம் கார்பைடு கடினமானது. ஆகவே வெற்றி அதற்கே. சோதனையில் பிழையில்லை. அது அளப்பது பெரும்பாலும் உரசல் தேய்மானத்தை. நாம்தான் அந்த எண்ணை ‘மழுங்காமை’ என்று மொழிபெயர்த்து, மடங்குதலையும் உதிர்தலையும் அதற்குள் சேர்த்துக்கொள்கிறோம்.

கடைசியில் எங்கள் கத்தியும் கூர் இழந்தது. மிதிவண்டிச் சக்கரத்தைச் சுழற்றிச் சாணை பிடிக்கும் முதியவர் எங்கள் தெருவுக்கு மாதமொருமுறை வருவார். நெடுநேரம் முயன்றபின், கல்தான் தேய்கிறது, கத்தி தேயவில்லை என்று தக்கினியில் சொல்லித் திருப்பித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் கண்டது சரியே. சாணைக்கற்களில் பரவலாக உள்ள அலுமினியம் ஆக்சைடின் கடினத்தன்மை 2,100 அளவில்தான். அது சுற்றியுள்ள எஃகைச் சிறிது அரிக்கும், கார்பைடைச் செதுக்காது. அதற்கு வைரக்கல் வேண்டும். எந்தக் குணத்துக்காக இந்த எஃகு விரும்பப்படுகிறதோ, அதே குணம் அதைத் தெருவின் தொழிலறிவுக்கு எட்டாததாக்குகிறது. கேட்ரா சோதனையின் எண் இதைச் சொல்வதில்லை.

உலோகவியலாளர்களும் இதை உணராதவர்கள் அல்லர். லாரின் தாமஸ் வடிவமைத்து 2021இல் வெளிவந்த மேக்னாகட் எஃகில் வனேடியம் 4 விழுக்காடுதான். உடன் 2 விழுக்காடு நையோபியம். தேய்மானத் தடையில் எஸ்90வியை அது எட்டவில்லை. அடி தாங்குவதில் முந்துகிறது. ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றொன்றைப் பெறும் தெரிவு அது.

நண்பர் இப்போது ஒரு வைரக்கல் வாங்கியிருக்கிறார். காய்கறிக்கு அந்தக் கத்தி. எலும்புக்குச் சந்தையில் வாங்கிய சாதாரணக் கத்தி. இரண்டாவதைச் சாணைக்காரரிடமே தருகிறோம்.

தமிழ்வழியில் பொறியியல் கற்பிப்போரிடம் ஒரு வேண்டுகோள். கடினத்தன்மை, தேய்மானத் தடை, அடி தாங்கும் தன்மை ஆகிய மூன்றையும் மாணவர் குழப்பிக்கொள்ளாதபடி வகுப்பறையில் எந்தச் சொற்களை ஆள்கிறீர்கள்? கொல்லர், தச்சர் வழக்கில் இவற்றுக்குத் தனிச்சொற்கள் இருந்தால் அவற்றையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள்; தொகுத்து வைக்க விரும்புகிறேன்.