வலது கால், கட்டைவிரல் உள்பக்கம்

மானாமதுரைக்குப் போகிறவர்கள் கடத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். பூந்தொட்டியோ அடுப்போ வாங்கித் திரும்புவார்கள். இவ்வூர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் தேடிப் போன சரக்கு வேறு: அய்யனாருக்கும் அம்மனுக்கும் நேர்ந்துகொண்டு வைக்கிற மண் உடல்கள். பிள்ளை வரம் கேட்டவர்கள் வைக்கும் மதலை, நோய் தீர்ந்தவர்கள் வைக்கும் தனிக் கை, தனிக் கால்.

மண்பாண்டம் வனையும் வேளார் ஒருவரின் வீட்டுப் பின்கட்டில் இடுப்புவரை மட்டும் வளர்ந்த உருவம் ஒன்று நின்றது. மேலே எட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் இருட்டு. "இன்னிக்கு இதுக்கு மேல ஏத்துனா உக்காந்துரும் தம்பி" என்றார் பெரியவர். கண்மாய் மண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, காலைக் குழாயாக எழுப்புகிறார்கள். கால் இறுகி எடை தாங்கினால்தான் தொடை. தொடை தாங்கினால்தான் வயிறு. மறுநாள் ஒட்டவேண்டிய விளிம்பில் மட்டும் ஈரத்துணி. சற்றுக் காய்ந்திருந்த பகுதியை, உள்ளே கல்லால் அணைகொடுத்து வெளியே பலகையால் தட்டிக்கொண்டே வந்தார். எலும்பு எங்கே, சதை எங்கே என்பதெல்லாம் அவர் கணக்கில் இல்லை. சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தடித்த இடத்தில் ஈரம் தங்கிவிட்டால் 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகி, வழி கிடைக்காமல் வெடிக்கும். கைகள் உடம்போடு ஒட்டியிருப்பதற்கும், விரல்கள் வெறும் கீறலாக நின்றுவிடுவதற்கும் சூளைதான் பாதிக் காரணம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் அம்மா வந்தார். வீட்டுக்காரருக்குக் கால் சுகமாகிவிட்டது, ஒரு கால் வேண்டும் என்றார்.

"எந்தக் கால்?"

"வலதுதான் வேளாரே. மாத்திப் போட்டுராதீக."

அளவு கேட்கவில்லை, ஆள் குட்டையா நெட்டையா என்றும் கேட்கவில்லை. சக்கரத்தை ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலை எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் வலதும் இடதும். அந்த அம்மா குனிந்து, தன் காலோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

காட்சிக்கூடங்களில் இப்படித் தனியாக ஒரு பீங்கான் காலை வைத்தால் அது சிதைந்த உடல் என்று எழுதிவிடுவோம், நானும் எழுதுகிறவன்தான். இங்கே அது எதிலிருந்தும் வெட்டி எடுத்ததல்ல. வலி இருந்த இடம் மட்டும் தனி ஆளாக வந்து நிற்கிறது.

காட்சிக்கூடத்துக்கென்றே பிறக்கும் மண் உடல்களும் உண்டு. ஆங்கிலேயச் சிற்பி ஆண்டனி கோர்ம்லி 2003இல் சீனாவின் குவாங்தோங் மாகாணத்து சியாங்ஷான் கிராமத்தார் முந்நூற்றைம்பது பேரை வைத்து ஏறத்தாழ 2 லட்சம் மண் உருவங்கள் செய்வித்தார். கையளவு மண், கண்ணுக்கு இரண்டு குழி. மண்ணைப் பிடித்த கைகளுக்கு மதிப்புக் கொடுத்த வேலை என்பதால் எனக்கு அது பிடிக்கும். ஆனாலும் அந்த உடல்கள் யாருக்காகவும் நேர்ந்துகொண்டவை அல்ல. இங்கே அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்புக்கு ஊரார் பிடிமண் எடுத்துக் கொடுத்த பிறகே வேளார் வேலை தொடங்கும். மண் ஊருடையது, கால் அந்த அம்மாவின் வீட்டுக்காரருடையது.

சூட்டிலும் வேறுபாடு உண்டு. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் சூளைகள் 1,300 டிகிரியை ஒட்டி எரிபவை. அங்கே வெந்தது மழைக்கு அசையாது. வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கி எரிக்கும் மானாமதுரைச் சூளை அவ்வளவு தூரம் போவதில்லை. மண் நீர் உறிஞ்சும். கோயில் தோப்பில் சில மழைக்காலங்களில் உதிரத் தொடங்கும்.

உதிர்ந்ததை ஒட்டவைப்பீர்களா என்று பெரியவரிடம் கேட்டேன்.

"அதை எதுக்கு ஒட்டணும்? நேர்த்திதான் முடிஞ்சிருச்சே. வேணும்னா புதுசு செய்யப் போறோம். அதுக்குக் கண்மாயில மண்ணெடுக்க விடுவாங்களான்னு கேளுங்க. தாலுகா ஆபீசுக்கு நடந்தே காலு போச்சு."

"அப்ப உங்களுக்கும் ஒரு கால் செஞ்சு வைக்கணும்" என்றார் அந்த அம்மா, முன்பணத்தை எண்ணிக்கொண்டே.