ஊவா மலையில் நத்தார் மின்காட்சி

வீட்டு நத்தார் மின்காட்சியில் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. குமிழ்களுக்கு மின்சாரம் கொடுப்பது முதலாவது. எந்தக் குமிழ் எந்தக் கணத்தில் எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று கட்டளையிடுவது இரண்டாவது. அந்தக் கட்டளையை வெளியூரில் இருப்பவரும் இட வழி செய்வது மூன்றாவது. பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் ஏ5 வீதியில் இருக்கிறது லுணுகலை. அங்கும் அதைச் சுற்றிய ஹொப்டன், அடாவத்தை முதலான தோட்டங்களிலும் மூன்றாவது வேலைக்குத் தனி மதிப்பு உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும், வளைகுடா நாடுகளில் வீட்டு வேலையிலும் இருக்கிறார்கள். நத்தாருக்கு லீவு கிடைக்காத மகள் குவைத்தில் கைபேசியைத் தொட்டதும் ஊரில் லயத்து வாசல் நட்சத்திரம் நிறம் மாற வேண்டும். இங்கே இந்தக் கலையின் முதற்பயன் அதுதான். அழகெல்லாம் அதற்குத் துணை.

மின்சார நத்தார் விளக்கின் தொடக்கம் 1882 டிசம்பர். தோமஸ் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜோன்சன் நியூயோர்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 குமிழ்களை ஏற்றினார். நம் ஊர்களுக்குப் பழக்கமானது அதற்குப் பின் வந்த சீரியல் செட். 230 வோல்ட்டை 6 வோல்ட் குமிழ்களுக்குப் பங்கிட்டால் ஒரு வரிசையில் ஏறக்குறைய 40 குமிழ்கள் வேண்டும். எரிந்துபோன சிலவற்றை வெட்டிவிட்டு மீதியைச் சேர்த்துக் கட்டினால், ஒவ்வொரு குமிழின் மீதும் ஏறும் வோல்ட்டேஜ் கூடி, அவையும் விரைவில் போய்விடும். வெளிச்சத்தை ஓடவிடும் வித்தையை இந்த நாடு வெசாக் தோரணங்களில் கற்றது. செப்புத் தகடு பதித்த உருளை மோட்டாரில் சுழலும், தகடு தொடும் கம்பியின் குமிழ்கள் எரியும், தொடாதது அணையும். தகட்டின் நீளமே குமிழ் எரியும் நேரம். இன்றைய கன்ட்ரோலர் செய்வதும் அதையே. தகட்டின் இடத்தில் எண்கள் வந்திருக்கின்றன.

இப்போதைய காட்சிகளின் அடிப்படை பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எல்ஈடிகளோடு டபிள்யூஎஸ்2811 அல்லது டபிள்யூஎஸ்2812 வகைச் சிறு சிப் ஒன்று சேர்ந்தால் ஒரு பிக்சல். ஒவ்வொரு பிக்சலும் தனக்குரிய 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளும். ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி; ஆகவே ஒரு பிக்சலுக்கு 30 மைக்ரோ விநாடி. 500 பிக்சல் கொண்ட ஒரே வரியை ஒரு முறை புதுப்பிக்க 15 மில்லி விநாடி போகும்; 1000 என்றால் 30. அதற்கு மேல் ஒரே வரியில் கோத்தால் அசைவு தடுக்கித் தடுக்கி வரும். நீளம் கூடும்போது வரிகளைப் பிரித்து, கன்ட்ரோலரின் வெவ்வேறு வெளியீடுகளில் கொடுப்பது முறை.

இந்தச் சங்கிலி அமைப்பால் பழுது பார்ப்பதற்கும் தனி வழக்கம் உண்டு. வரியில் 37ஆவது பிக்சலிலிருந்து எல்லாம் இருண்டால், கை முதலில் 37ஐத்தான் தேடும். ஆனால் 37 நன்றாக இருந்து, 36 தான் எரிந்துகொண்டே அடுத்ததற்குத் தரவைத் தள்ளாமல் நிற்கலாம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்து வெட்டி எடுத்துப் புதிய இரண்டை வைப்பார்கள். மழையில் ஏணி மேல் நின்று ஒவ்வொன்றாகச் சோதிப்பதை விட இது விரைவு. முதல் பிக்சலிலேயே சிமிட்டல் வந்தால் காரணம் பெரும்பாலும் வேறு. ஈஎஸ்பி32 போன்ற சிப்பின் வெளியீடு 3.3 வோல்ட், 5 வோல்ட்டில் ஓடும் பிக்சல் அதைச் சில வேளை ஒன்று என்றும் சில வேளை சுழியம் என்றும் படிக்கும். நடுவில் 74ஏஎச்சிடி125 வகை லெவல் ஷிஃப்டர் ஒன்று வைத்தால் தீரும். கன்ட்ரோலருக்கும் பவர் சப்ளைக்கும் கிரவுண்ட் பொதுவாக இருக்க வேண்டும். இதை மறந்ததால் வரும் கோளாறுதான் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது.

5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் எரிய ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். நூறு பிக்சல் என்றால் 6 ஆம்பியர், 30 வாட். 500 என்றால் 150 வாட். மின்சாரம் மெல்லிய வயரில் போகப் போக வோல்ட்டேஜ் இறங்கும். மலையுச்சித் தொட்டியிலிருந்து வரும் பைப்பில் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் சொட்டுவது போல. நீலத்துக்கும் பச்சைக்கும் கூடிய வோல்ட்டேஜ் தேவைப்படுவதால் அவையே முதலில் மங்கும். வரியின் கடைசியில் வெள்ளை செம்மஞ்சளாகத் தெரிவது அதனால்தான். 50 முதல் 100 பிக்சலுக்கு ஓர் இடத்தில் தடித்த வயரால் மின்சாரத்தை மறுபடி ஊட்ட வேண்டும். ஊட்டும் ஒவ்வொரு வயருக்கும் தனி ஃபியூஸ் அவசியம். 5 வோல்ட் ஆளைத் தாக்காது. ஆனால் 30 ஆம்பியர் தரும் பவர் சப்ளை ஷோர்ட் ஆனால் வயரின் உறை தீப்பிடிக்கும்.

லயங்களில் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். வரிசை வீடுகள் பலவற்றுக்குக் கூரை தகரம். உறை கிழிந்த 230 வோல்ட் வயர் ஒன்று தகரத்தைத் தொட்டால் வரிசை முழுவதன் கூரையிலும் மின்சாரம் ஏறும். ஆகவே 230 வோல்ட் வீட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். வெளியே போவது 5 அல்லது 12 வோல்ட் மட்டும். 30 மில்லி ஆம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்த பிறகே நத்தார் வயரிங் தொடங்க வேண்டும். அந்தச் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதை நீக்கி நேரடியாகக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் எங்கோ ஈரம் இறங்கியிருப்பது. அதைத் தேடிக் காய வைப்பதே தீர்வு.

ஈரமே ஊவாவின் பெரிய சோதனை. இங்கே வெசாக் வரும் மே மாதத்தை விட நத்தார் காலத்தில் மழை பலம். ஒக்டோபர், நவம்பரில் இடியோடு கூடிய பருவ இடைக்கால மழை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. விட்ட நேரத்தில் பனிமூட்டம். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸின் நினைவாகவே பதுளையில் தூய மாற்கு ஆலயம் எழுந்தது. இந்த மலையில் மின்னலை அசட்டை செய்ய இடமில்லை. வீட்டுக்கு வீடு செப்பு நெட்வொர்க் கேபிள் இழுப்பதைத் தவிர்க்க வேண்டும். இடி கேட்டதும் பிளக்கைக் கழற்ற வேண்டும்.

மழையை வெல்வது இணைப்புகளில்தான். வயரைச் சோல்டர் செய்து, ஹீட் ஸ்ரிங்க் குழாயைச் சுருக்கும் முன் உள்ளே சிலிக்கோனை நிரப்ப வேண்டும். குழாய் சுருங்கும்போது இரு முனையிலும் சிலிக்கோன் பிதுங்கி வந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை என்று பொருள். வினாகிரி வாசம் அடிக்கும் சிலிக்கோன் இதற்கு உதவாது. அதன் அமிலம் செப்பை அரித்து, சில வாரங்களில் பச்சைக் களிம்பாக்கிவிடும். வாசமற்ற நியூட்ரல் வகையே வேண்டும். பெட்டிக்குள் நுழையும் வயர் நேராக நுழையாமல் ஒரு வளைவு கீழே தொங்கிப் பிறகு மேலேறி நுழைந்தால், ஓடி வரும் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். பெட்டியின் அடியில் ஒரு சிறு துளை விட வேண்டும். முழுக்க மூடிய பெட்டிக்குள் இரவுக் குளிரில் படியும் ஈரம் வெளியேற வழியின்றி நின்று கெடுக்கும்.

சட்டத்துக்கு மூங்கிலே போதும். வெசாக் கூடு கட்டப் பழகிய கைகள் ஐந்து முனை நட்சத்திரத்தை ஒரு மாலையில் கட்டிவிடும். பிக்சலை நேரே பார்த்தால் கண் கூசும். ஒரு கையகலம் பின்னே வைத்து, முன்னே வெள்ளைப் பொலித்தீன் தாளை இழுத்துக் கட்டினால் புள்ளிகள் கரைந்து நிறமாகப் பரவும். தெருவிளக்கு அரிதான தோட்ட இரவில் முழுப் பிரகாசத்தில் கால் பங்கே நிறைவாக இருக்கும். அந்த அளவில் 500 பிக்சல் கொண்ட காட்சி சராசரி 30 வாட் அளவில் ஓடும். தினமும் நான்கு மணி நேரம் ஒரு மாதம் எரிந்தால் நான்கு யூனிட்டுக்கும் குறைவு. மின்கட்டணம் யூனிட் ஏற ஏறப் படிப்படியாகக் கூடும் நாட்டில் இந்தச் சிக்கனம் பெரிது.

பாட்டுக்கு ஏற்ப வெளிச்சத்தை அமைக்க எக்ஸ்லைட்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் வீட்டின் படத்தை வைத்து, பாட்டின் தாளத்தைக் குறித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அசைவு கொடுத்து, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் ஃபால்கன் பிளேயர் மூலம் ஓட்டலாம். தாளம் ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தைச் சிமிட்டவிடும் ஆசை ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும். ஆனால் பல்லவியில் நட்சத்திரம் மட்டும் மெல்ல ஏறி, சரணத்தில் கூரை விளிம்பு சேர்ந்து, முடிவில் மட்டும் எல்லாம் ஒன்றாக எரிந்தால்தான் பார்ப்பவர் நின்று பார்ப்பார். இருட்டாக விடப்படும் பகுதிதான் எரியும் பகுதிக்கு மதிப்புத் தருகிறது. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடல் கூடாது. 1997 டிசம்பர் 16இல் ஜப்பானில் போகிமோன் கார்ட்டூனின் ஒரு காட்சி வேகமாகச் சிவப்பும் நீலமுமாகப் பளிச்சிட்டு, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வலிப்பு முதலிய கோளாறுகளோடு வைத்தியசாலைக்குப் போனார்கள்.

இணைய இணைப்பில் முதல் விதி, இணையம் அறுந்தாலும் காட்சி நிற்கக் கூடாது என்பது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. இன்றும் மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பியில் விழுவது சாதாரணம். மின்சாரம் வந்ததும் ஆள் தொடாமல் காட்சி தானே எழ வேண்டும். நிகழ்ச்சி நிரலும் பாட்டும் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்க வேண்டும். நேரம் மட்டும் இணையத்திலிருந்து வரலாம், அதற்கும் மின்கலத்தோடு கூடிய கடிகாரச் சிப் ஒன்று துணை நிற்க வேண்டும். ஈஎஸ்பி32 சிப்பில் டபிள்யூஎல்ஈடி என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் இவற்றில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

தோட்டங்களில் இணையம் பெரும்பாலும் 4ஜி ரவுட்டர் வழியே. அந்த வலையமைப்பில் பல வாடிக்கையாளர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், வெளியிலிருந்து நேராக வீட்டுக் கன்ட்ரோலரை அழைக்க முடியாது. வீட்டிலிருந்தே வெளியே ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக் காத்திருப்பதே வழி. 1999இல் எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உருவான எம்கியூடிடி முறை இதற்கு மிகப் பொருத்தம். செய்திகள் மிகச் சிறியவை. மெல்லிய சிக்னலிலும் போய்ச் சேரும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கடைசிக் கட்டளையைப் பிடித்து வைக்கும் ‘ரிட்டெய்ன்’ வசதியைக் கட்டளைகளுக்குப் போட்டால், மின்வெட்டுக்குப் பின் எழும் கன்ட்ரோலர் நேற்றைய கட்டளையை இன்று நிறைவேற்றும்.

வெளியாரிடம் கொடுக்கும் அதிகாரம் சிறியதாக இருப்பது நல்லது. முன்கூட்டியே அமைத்த சில காட்சிகளில் ஒன்றைத் தெரிவு செய்ய, நட்சத்திரத்தின் நிறத்தை மாற்ற இடம் கொடுத்தால் போதும். பிரகாசத்தையும் பளிச்சிடும் வேகத்தையும் கொடுக்கவே கூடாது. ஒருவர் தெரிவு செய்த காட்சி ஒரு நிமிடமாவது ஓடிய பிறகே அடுத்தவருடையது வர வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கும் தன் காட்சி கிடைக்காது. காட்சியைத் தூரத்தில் இருப்பவருக்குக் காட்டும் கமராவோ, ரவுட்டரோ, கடையிலிருந்து வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டும். அப்படி மாற்றாமல் விடப்பட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத்தான் 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகின் பெரிய இணையத்தளங்களை முடக்கியது.

கமரா காட்டுவது உண்மையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து அலெக் கொமர்நிட்ஸ்கி 2002இலிருந்து தன் வீட்டு நத்தார் விளக்குகளை இணையத்தில் எவரும் ஏற்றி அணைக்கலாம் என்று அறிவித்து உலகப் புகழ் பெற்றார். 2004 டிசம்பரில் அது முன்பே எடுத்த படங்களை மாற்றிக் காட்டிய போலி என்று தெரிய வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அவரே மெய்யான கட்டுப்பாட்டை அமைத்து, குளூட்டன் உண்பதால் தூண்டப்படும் சீலியாக் நோய் பற்றிய ஆய்வுக்கு நிதி சேர்த்தார். மெய்யான காட்சியில் வீடியோ சில விநாடி பிந்தி வரும். அந்தத் தாமதத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால், தூரத்தில் இருப்பவர் பொறுமையாகப் பார்த்திருப்பார். கமராவின் பார்வைச் சட்டத்துக்குள் நட்சத்திரமும் சொந்த வாசலும் மட்டும் அடங்க வேண்டும். பக்கத்துக் காம்பராவுக்குப் போகிறவர் வருகிறவர் அதில் விழக் கூடாது.

லயத்தில் சுவரும் முற்றமும் பொது. ஒரு வீட்டு வெளிச்சம் நாலு வீட்டுக்குள் போகும். க.பொ.த. பரீட்சைகள் டிசம்பரை ஒட்டி நடக்கும் ஆண்டுகளில் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வரிசையில் பாட்டைக் குறைத்து, பத்து மணிக்கு எல்லாவற்றையும் தானாக அணையவிட வேண்டும். விடிந்தால் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் தூக்கம் காட்சியை விடப் பெரிது. முதல் நாள் வெளிச்சம் ஏற்றும் முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்வதும், அவர்கள் பிள்ளைகளை முதலில் பட்டனை அழுத்தவிடுவதும் இந்த வேலையில் சேர்ந்தவை.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளோடு நத்தார்க் காட்சி முடியும். கழற்றும்போது ஒவ்வொரு வரியின் இரு முனையிலும் எண் ஒட்டி, நிழலில் காய வைத்து, வட்டமாகச் சுற்றி, எலி புகாத டின்னில் வைக்க வேண்டும். மடித்தால் உள்ளே செப்பிழை முறியும். வயர் போகும் வழியையும் ஃபியூஸ் அளவையும் ஒரு கொப்பியில் வரைந்து டின்னோடு வைத்தால், அடுத்த முறை வேறொருவரும் கட்டலாம். கன்ட்ரோலர் மட்டும் டின்னுக்குள் போவதில்லை. அதே பெட்டி தைப்பொங்கலுக்குக் கோலத்தின் மேல் வெளிச்சம் ஏற்றும், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தேரில் ஏறும், மே மாதம் வெசாக் கூட்டில் எரியும். பாட்டையும் நிறத்தையும் மாற்றினால் போதும்; வயரிங் எல்லாப் பண்டிகைக்கும் ஒன்றுதான்.