தொட்டியில் தேறும் இரை

பின்லாந்தின் ஏரிக்கரை ஊர்களில், பைக் மீனுக்கென்று மரத்தில் பொய்மீன் செதுக்கும் சிறு பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. உள்ளே போனதும் கண் வண்ண மேசைக்குத்தான் ஓடும். வெள்ளி வயிறு, ஆரஞ்சுத் தொண்டை, பச்சை முதுகில் கறுப்பு வரி என்று காயப்போட்ட இரைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கும். அதைவிட என்னை நிறுத்தி வைத்தது மூலையில் இருக்கும் நீளமான தண்ணீர்த் தொட்டி. வேலையாள் ஒவ்வொரு இரையையும் ஒரு குச்சியில் கட்டிய நரம்பில் மாட்டி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுக்கிறார். நேராக வந்து இரண்டு பக்கமும் ஒரே அளவில் துடித்தால் பெட்டிக்குப் போகும். ஒருபக்கமாக ஒதுங்கி ஓடினால், மூக்கிலுள்ள கம்பி வளையத்தைக் குறட்டால் எதிர்ப்பக்கம் ஒரு முடியளவு வளைத்து மறுபடி இழுக்கிறார். வளைத்து வளைத்தும் தேறாதது கழிவுக் கூடைக்கு. பைக் மீனுக்கு எந்த இரை நல்லது என்ற கேள்விக்கு என் பதில் அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. எப்படி நீந்துகிறது, எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் என்பவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. வண்ணமும் மீன் சாயலும் பின்னால் வரலாம்.

இதற்கு முதல் சாட்சி ஸ்பூன். 1852-இல் ஜூலியோ பியூல் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற இந்த இரை, காம்பு ஒடிந்த கரண்டியேதான். கண் கிடையாது, செதில் கிடையாது, துடுப்பு கிடையாது. மிச்சிகனில் எப்பிங்கர் நிறுவனம் தலைமுறைகளாக விற்றுவரும் டார்டெவில் ஸ்பூனில் சிவப்பின் நடுவே வெள்ளைப் பட்டை ஓடும். அப்படியொரு மீனை எந்த ஏரியிலும் பார்க்க முடியாது. 1938-இல் பிரான்சில் பிறந்த மெப்ஸ் ஸ்பின்னர் இன்னும் மோசம், கம்பியைச் சுற்றிச் சுழலும் ஒரு தகடு, அவ்வளவுதான். சாயல்தான் முக்கியம் என்றால் இவையெல்லாம் என்றோ கடையை விட்டுப் போயிருக்க வேண்டும். இவற்றை நிலைக்க வைத்தது தகட்டின் வளைவு. அகலமான மெல்லிய ஸ்பூனை மெதுவாக இழுத்தாலே புரண்டு புரண்டு வரும், நீர்ப்பாசிக்கு மேலேயே நிற்கும். குறுகிய தடித்த ஸ்பூன் ஆழத்துக்கு இறங்கும், சற்று வேகம் கொடுத்தால்தான் ஆடும். இரண்டும் ஒரே எடை, ஒரே நிறம் என்றாலும் தண்ணீரில் அவை வேறு வேறு இரைகள். கடையில் எடையையும் நிறத்தையும் பார்த்து வாங்குகிறவர்கள் தகட்டின் பருமனை விரலால் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் குறை.

பின்லாந்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் லௌரி ராபலா. பையான்னே ஏரியில் படகு வலித்து மீன்பிடித்துப் பிழைத்தவர். சிறுமீன் கூட்டத்துக்குள் பாய்கிற வேட்டை மீன், நூற்றுக்கணக்கானவற்றை விட்டுவிட்டு, கொஞ்சம் தடுமாறி நீந்தும் ஒன்றையே குறிவைப்பதை அவர் கவனித்தார். முள்ளில் நிஜ மீனைக் கோத்துக் கோத்து நேரம் போகிறதே என்ற கவலையும் சேர, 1936-இல் அந்தத் தடுமாற்றத்தைச் செய்துபார்த்தார். செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த ஈயத்தாளை மேலே ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசினார். அழகு பார்க்கிற வேலை இல்லை இது. மூலப்பொருள் பட்டியலே சொல்கிறது. பின்னால் தக்கையின் இடத்தைப் பால்சா மரம் பிடித்தது. 1962 ஆகஸ்டில், மர்லின் மன்றோ இறந்ததை ஒட்டி வந்த 'லைஃப்' இதழில் இந்த இரையைப் பற்றிய கட்டுரையும் இருந்தது. அமெரிக்காவே இதழை வாங்கியதால் ராபலாவின் பெயரும் வீடுவீடாகப் போனது. அதிர்ஷ்டம்தான். ஆனால் விளம்பரத்தைப் பைக் மீன் படிப்பதில்லையே.

மீனின் உடம்பும் இதே பக்கம்தான் பேசுகிறது. பைக் நெடுந்தூரம் துரத்துகிற மீன் இல்லை. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலுக்குப் பக்கத்தில் தள்ளி அமைந்திருப்பது ஒரே பாய்ச்சலுக்காக. நாணல் ஓரத்தில் அசையாமல் நிற்கும், உடம்பை வளைக்கும், பாயும். அதன் தலையிலும் கீழ்த்தாடையிலும் உள்ள நுண்துளைகள் தண்ணீரின் அதிர்வை உணர்கிற உறுப்பின் வாசல்கள். பைக்கின் நெருங்கிய உறவான மஸ்கலஞ்ச் மீனை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. பார்வை இருக்கும்போது தொலைவிலிருந்தே இரையை நோக்கி நகர்ந்த மீன், பார்வை மறைக்கப்பட்டபோது வெகு அருகில் வந்த இரையை மட்டும், அதிர்வை வைத்தே தாக்கியது. கண் கூப்பிடுகிறது, கடைசி முடிவில் அதிர்வுக்கும் பங்கு இருக்கிறது. தொட்டியில் தேறாத இரை இந்தக் கடைசி இடத்தில்தான் தோற்கும்.

கண் கூப்பிடுகிறது என்று நானே ஒப்புக்கொண்டபின், வண்ணத்தை எப்படித் தள்ளலாம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பின்லாந்தின் பல ஏரிகள் சதுப்பு நிலச்சாறு இறங்கித் தேநீர் நிறத்தில் கிடக்கின்றன. அந்தத் தண்ணீர் நீல ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்புப் பக்கத்து ஒளியை விட்டுவைக்கும். அங்கே செம்பு ஸ்பூனும் ஆரஞ்சு வயிறும் எடுப்பாகத் தெரியும், நீலம் இருண்டுபோகும். மங்கிய மாலையில் கறுப்பு இரைதான் வானத்துக்கு எதிரே கீழிருந்து தெளிவாகத் தெரியும். ஆக வண்ணம் வேலை செய்கிறது, எடுப்பு என்ற அளவில். அதற்கு வெளிச்சமானது ஒன்று, இருண்டது ஒன்று, செம்பு ஒன்று என்று வைத்துக்கொண்டால் தாராளம். கடை அலமாரியில் ஒரே உடலுக்குப் போர்த்திய முப்பது சட்டைகள் தொங்குவது மீன் கேட்டு அல்ல.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மீன் கற்றுக்கொள்ளும், அதனால் புதிது புதிதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள். முற்பாதி உண்மை. 1970-இல் நெதர்லாந்தின் பியூகெமா வெளியிட்ட ஆய்வில், ஸ்பின்னரில் ஒருமுறை மாட்டிய பைக் மறுபடி ஸ்பின்னரில் மாட்டுவது அபூர்வமாகிவிட்டது. உயிர் மீனை இரையாக வைத்தபோது அந்த எச்சரிக்கை தெரியவில்லை. இதிலிருந்து புதுச் சாயம் வாங்கச் சொல்லும் முடிவு எப்படி வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பலித்தது இரையின் வகையை மாற்றியது. ஓயாமல் மீன்பிடிக்கும் ஏரியில் சுழலும் தகட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, இழுத்து நிறுத்தினால் பக்கவாட்டில் சறுக்கும் மர இரையையோ, வால் மெல்ல அசையும் ரப்பர் மீனையோ போடுவதுதான் இந்தச் சான்றோடு பொருந்தும்.

அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் எல்லாம் ஒரே மாதிரி வருகிறதே, தொட்டியும் கைக்குறடும் எதற்கு என்பவர்களுக்கு ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். நல்ல அச்சு வார்த்த இரை பெட்டியிலிருந்து எடுத்ததுமே நேராக ஓடும், பாறையில் மோதினாலும் தாங்கும். பால்சா அப்படியில்லை. ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளே எடை மாறும். பைக்கின் பல் மேற்பூச்சைக் கிழித்தால் தண்ணீர் ஊறும். ஆனால் அந்த லேசான மரம்தான் மெதுவாக இழுக்கும்போதும் துடிக்கிறது, குளிர்ந்த தண்ணீரில் சோம்பிக் கிடக்கும் மீனுக்கு அந்த மெதுவே வேண்டும். மரம் மாறுபடுவதால்தான் தொட்டிக்காரர் தேவைப்படுகிறார். கூலிக் கணக்கில் அவர் நேரத்தைக் குறைக்கிற பட்டறை, எதைக் குறைக்கிறது என்று தெரிந்துதான் குறைக்க வேண்டும்.

அவர் சரிபார்த்ததை வாங்குகிறவர்கள் கெடுப்பதும் நடக்கிறது. பைக்கின் பல்லுக்கு நரம்பு தாங்காது, முன்னால் எஃகுக் கம்பி கட்டியே ஆக வேண்டும். அதற்காகச் சின்ன மர இரைக்குத் தடித்த கம்பியும் கனத்த கொக்கியும் போட்டால் மூக்கு தொங்கி, துடிப்பு செத்துவிடும். இரைக்கேற்ற மெல்லிய கம்பி போதும். பெரிய மீன் ஒன்று முறுக்கிவிட்டுப் போனபின் மூக்கு வளையம் பெரும்பாலும் கோணியிருக்கும். அடுத்த வீச்சுக்கு முன் படகோரமாக ஒரு கஜம் இழுத்துப் பார்த்து, ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைக்க வேண்டும். அதற்கு ஒரு சிறு குறடு போதும்.