போர்ட்டிக்சன் கண்டோம்

சென்ற மார்ச்சுத் திங்களில், ஆறாம் ஆண்டு மாணவர்களாகிய நாங்கள் ஆசிரியப் பெருமக்களுடன் நெகிரி செம்பிலானிலுள்ள போர்ட்டிக்சன் நகருக்குக் கல்விச் சுற்றுலா மேற்கொண்டோம். எங்களுள் ஒன்பதின்மர் அதுகாறும் கடலைக் கண்டதில்லை.

காலைப் பொழுதைத் தெலுக் கெமாங் கடற்கரையில் கழித்தோம். முழங்காலளவு நீரில் நின்று அலைகளோடு விளையாடினோம், மணல்வீடு கட்டினோம், தாய்மார் கட்டித் தந்த புளிச்சோற்றைப் பகிர்ந்துண்டோம்.

பின்னர், தஞ்சோங் துவான் காட்டுவழியே ஏறி, 1863ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தை அடைந்தோம். வானில் தேன்பருந்துகள் வட்டமிட்டன. அவை சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்புகின்றன என ஆசிரியர் விளக்கினார். அங்கு நீரிணையின் அகலம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். கடலின்மேல் வெப்பக்காற்று மிகுதியாக எழாமையால், அப்பறவைகள் சிறகடித்துக் களைத்தே கரை சேர்கின்றனவாம்.

இந்நீரிணையின் வழியேதான் ‘ரஜுலா’ போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, கிள்ளான் துறைமுகங்களைத் தொட்டுச் சிங்கப்பூர் சென்றன. அவற்றின் தளத்தில் நெருங்கியமர்ந்து வந்தோர் நம் முன்னோர். பறவைகள் ஆண்டுதோறும் ஊர் திரும்புகின்றன. அவர்களுள் பலரோ திரும்பாமலே இம்மண்ணில் மறைந்தனர். இதனை எண்ணியபொழுது எங்கள் ஆரவாரம் அடங்கிற்று.

அக்கப்பற்கதைகளை அறிந்த முதியோர் எங்கள் தோட்டத்தில் இன்று மிகச் சிலரே உளர். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதென உறுதி பூண்டோம்.