கடலுக்குள் போவதும் திரும்பி வருவதும்

கரையோரத்தில் பிறந்த பெண்களுக்குக் கடல் பிழைப்பாகவும் பயமாகவும்தான் பழக்கம். கருவாடு காயவைத்திருக்கிறோம், வலை பொத்தியிருக்கிறோம், போனவர் வரும்வரை கரையில் நின்றிருக்கிறோம். சுற்றுலா வருபவர்களுக்கு அறை கூட்டிச் சோறும் சமைத்துக் கொடுத்திருக்கிறோம். ஆனால் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு பயணம் போகலாம் என்று எங்கள் வீடுகளில் யாரும் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் யோசித்தவள் என் பெறாமகள்.

அவள் நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள். அங்கே குளிர்ந்த நீரில் சுழியோடப் பழகிச் சான்றிதழும் எடுத்திருக்கிறாள். ஒருநாள் தொலைபேசியில், “சின்னம்மா, ஆடி மாதம் லீவு கிடைச்சிருக்கு. நிலாவெளிக்கு வந்து புறாமலையில கடலுக்கடியில போகப்போறன். நீங்கள்தான் எல்லாம் விசாரிச்சுத் தரவேணும்” என்றாள்.

என் அக்காவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. 2004 டிசம்பர் 26 இல் எங்கள் அம்மாவைக் கொண்டுபோனது இதே கரைதான். “அந்தக் கடலிலயா நீ இறங்கப்போறாய்?” என்று அழுதாளாம். “நான் அம்மம்மாவைத் தேடப் போகேல்லை அம்மா, மீன் பாக்கப் போறன்” என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். அக்கா என்னிடம் ஒன்றைத்தான் கேட்டாள். “அவள் போனமாதிரித் திரும்பி வரவேணும். அதை நீ பாத்துக்கொள்.”

அந்த ஒரு பேச்சுக்காகவே விசாரிக்கத் தொடங்கினேன். விசாரிக்க விசாரிக்கத்தான் விளங்கியது: இந்தப் பயணத்தில் திட்டம் எல்லாமே திரும்பி வருவதைப் பற்றியதுதான்.

முதலில் காலம். எங்கள் கிழக்குக் கரையில் வாடைக்காற்று வீசும் மாரி மாதங்களில் கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும். சித்திரை கழிந்து புரட்டாதி வரைதான் பொருத்தமான காலம். ஆகவே ஆடி சரி. புறாமலை நிலாவெளியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம்தான். 2003 இல் அது தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. அதனால் அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும். பவளப்பாறையில் கால் வைக்கவோ, துண்டு எடுத்து வரவோ கூடாது.

பிள்ளைக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானியக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கிறது. அது திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல். அதையும் பார்க்க வேண்டும் என்றாள். அது 50 மீற்றருக்கும் கூடிய ஆழம். பொழுதுபோக்காகச் சுழியோடுபவர்களுக்கு 40 மீற்றர்தான் எல்லை. புதிதாகச் சான்றிதழ் எடுத்தவர்களுக்கு 18 மீற்றர், எங்கள் கணக்கில் ஏறக்குறைய 10 பாகம். “அது உன்ர படிப்புக்கு மிஞ்சினது” என்றேன். மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டாள். எல்லையை மதிக்கவும் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

ஏன் இந்த எல்லை என்று நான் கேட்க, ஒரு பயிற்றுவிப்பாளர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். கீழே போகும் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அமுக்கம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது அந்த அமுக்கத்தில் நைதரசன் வாயு இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக ஏறினால் அது சுவாசத்தோடு வெளியேறும். அவசரப்பட்டு ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்ததும் பொங்குவதுபோல, உடலுக்குள்ளேயே குமிழியாகிவிடும். மூட்டு நோவு, கால் விறைப்பு, முள்ளந்தண்டு நரம்பு பாதித்து நடக்க முடியாமற் போவது எல்லாம் இதனால்தான். ஆகவே ஒரு நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது. மேலே வருமுன் 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். ஏறும்போது ஒருபோதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. சுவாசப்பைக்குள் உள்ள காற்று விரிந்து அதைக் கிழித்துவிடும்.

கரைக்கு வந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. பல தடவை சுழியோடியவர் குறைந்தது 18 மணித்தியாலம் விமானம் ஏறக்கூடாது. ஒரு முழுநாள் விடுவது இன்னும் நல்லது. உயரமான மலைக்குப் போவதும் அப்படித்தான். பிள்ளை முதலில் கடல், பிறகு நுவரெலியா என்று எழுதி அனுப்பியிருந்தாள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதனால் பயணத்தைத் திருப்பிப் போட்டேன். முதலில் மலைநாடு, பிறகு கோணேசர் கோயில், அதன்பின் இரண்டு நாள் கடல், ஒரு நாள் வீட்டில் ஓய்வு, பிறகு விமானம்.

“நீங்களும் இறங்கலாம் சின்னம்மா. பழகாத ஆக்களையும் பயிற்றுவிப்பாளர் கையைப் பிடிச்சு 12 மீற்றருக்குள்ள கூட்டிக்கொண்டு போவினம்” என்று அவள் சொன்னபோது எனக்கும் ஆசை வந்தது. உடுப்பு உடலை முழுதாக மூடும் என்றாள். ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு அது சின்ன ஆசையில்லை.

ஆனால் அதற்கொரு படிவம் நிரப்ப வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய், சுவாசப்பைக் காயம், கர்ப்பம், காதுப் பிரச்சினை உண்டா என்று கேட்பார்கள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் வைத்தியரின் சம்மதம் வேண்டும். 1990 இல் இடம்பெயர்ந்தபோது பக்கத்தில் விழுந்த செல்லில் என் இடது காது அடைத்தது, பிறகு சரியாகவே இல்லை. வைத்தியசாலையில் பார்த்த வைத்தியர், “செவிப்பறையில் துவாரம் இருக்கிறது. உள்ளே தண்ணீர் போனால் தலைசுற்றும், வாந்தி வரும். கடலுக்கடியில் அது உயிராபத்து” என்றார். எங்களில் எத்தனைபேர் நெஞ்சில் செல்துண்டோடும் கேளாத காதோடும் இருக்கிறோம்! அப்படியானவர்கள் வைத்தியரைக் கேளாமல் இறங்கவே கூடாது. எனக்குக் கவலைதான். இருந்தாலும் படகிலிருந்து நேரம் குறிக்கும் வேலையை எனக்குத் தரும்படி பிள்ளையிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவையும் ஒரு கொப்பித் தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அதை எடுத்துப் பார்த்தா. அவவின் மூத்த மகன் கடலட்டை பிடிக்கச் சிலிண்டரில் போனவன். ஒரு நாளில் பல சிலிண்டர், இடையில் ஓய்வில்லை, அட்டை கூடக் கிடைத்தால் கூடக் காசு. ஒருநாள் மேலே வந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. திரும்பக் கீழே இறக்கினால் சரிவரும் என்று கூடப்போனவர்கள் இறக்கியிருக்கிறார்கள். பேய் அடித்தது என்று நூல் கட்டியவர்களும் உண்டு. தாமதமாகத்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் அவன் ஊன்றுகோலில்தான் நடக்கிறான். இப்போது இளையவனும் அதே தொழிலுக்குப் போகிறான்.

தாளை வாசித்து முடித்த அக்கா கேட்டா: “மீன் பாக்க வாற பிள்ளைக்கு இவ்வளவு சட்டமிருக்கு. என்ர பிள்ளை போகேக்க இந்தப் பேப்பர் எங்க கிடந்தது?”

எனக்கு மறுமொழி வரவில்லை. கடல் ஒன்றுதான், இரத்தமும் ஒன்றுதான். உல்லாசத்துக்குப் போகிறவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வயிற்றுக்காகப் போகிறவருக்குச் சிலிண்டரை மட்டும் கொடுக்கிறார்கள்.

அந்தத் தாளைப் பிரதி எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். மீற்றரைப் பாகமாக மாற்றி எழுதினேன். இளையவன் முதலில் சிரித்தான். “முதலாளி கேக்கமாட்டார் அன்ரி” என்றான். அது உண்மைதான். ஆனால் இப்போது அவனும் கூடப்போகும் இரண்டு பொடியன்களும், ஒரு சிலிண்டருக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓய்வு விட்டு, மேலே வருமுன் நின்று வருகிறார்களாம். வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அக்கா அதற்காகப் பிட்டு அவித்து விற்கிறா.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலிருந்து யாராவது சிலிண்டரில் கடலுக்குப் போவதானால், அது மீன் பார்க்கவோ அட்டை பிடிக்கவோ, சில கேள்விகளைக் கேட்டு அனுப்புங்கள். எத்தனை பாகம்? எத்தனை தடவை? இடையில் எவ்வளவு நேரம்? படகில் ஒட்சிசன் இருக்கிறதா? அமுக்க அறைச் சிகிச்சை பக்கத்தில் எங்கே, அதன் தொலைபேசி இலக்கம் என்ன? மேலே வந்தவருக்குக் கை கால் விறைத்தால் மீண்டும் கடலில் இறக்க விடாதீர்கள். படுக்கவைத்து, ஒட்சிசன் கொடுத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கடலில் சிலிண்டரால் சுவாசித்தவர் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

“கவனம்” என்று மட்டும் சொல்லி அனுப்பியே பழகிவிட்டோம். இனி கணக்கும் கேட்டு அனுப்புவோம்.