தில்லியில் ஒரு முகூர்த்தம்

தில்லி மாநகரில் திருமணக் காலம் தொடங்கிவிட்டது என்பதை அறியப் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. தீபாவளி அமாவாசைக்குப் பதினோராம் நாள், திருமால் துயிலெழுவதாக வடவர் கொண்டாடும் ஏகாதசியன்று, மாலையில் வீதிக்கு வந்து நின்றாற் போதும். பித்தளை வாத்தியங்களின் முழக்கம் கேட்கும். தலையில் விளக்குச் சுமந்த ஆட்கள் இரு வரிசையாக நடப்பர். நடுவே வெள்ளைக் குதிரை மீது, முகத்தைப் பூச்சரத்தால் மறைத்தபடி மாப்பிள்ளை வருவார். அவருக்குப் பின்னால் நிற்கும் மோட்டார் வண்டிகளின் வரிசை எங்கே முடிகிறதென்று சொல்ல இயலாது.

நம்மவர் கலியாணம் வேறு வகை. ஊர் உறங்கும்போது அது விழித்துக்கொள்கிறது. வடவர் வீட்டு விருந்தினர் நள்ளிரவு தாண்டி உணவு முடித்து வண்டி ஏறிச் சற்று நேரத்திற்கெல்லாம் நம் சமையற்காரர் காபிக்கு அடுப்பு மூட்டுகிறார். இந்த இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில் நின்று தொழில் செய்யும் அம்மையார் ஒருவருடன் சில நாட்கள் இந்நகரைச் சுற்றி வந்தோம். மயூர் விகாரில் வசிப்பவர், ஐம்பதைக் கடந்தவர். பெயரை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், பந்தற்காரர், பூக்காரர் அனைவருக்கும் அவர் 'மாமி'. நாமும் அவ்வாறே எழுதுகிறோம்.

கலியாணம் நடத்திக் கொடுப்பதையே தொழிலாகக் கொள்வது தலைநகருக்குப் புதிதன்று. 2010-இல் வெளிவந்த 'பேண்ட் பாஜா பாராத்' என்ற இந்திப் படம் தில்லியில் இத்தொழில் நடத்தும் இருவரின் கதையே. 2014-இல் அதைத் தமிழில் 'ஆஹா கல்யாணம்' என்று எடுத்தார்கள். படத்திலே பாட்டும் ஆட்டமும் மிகுதி. மாமியின் நாளில் மிகுதியாக இருப்பவை தொலைபேசியும் கணக்குப் புத்தகமும்தாம்.

ஒரு தலைமுறைக்கு முன் நம்மவரிடையே இத்தொழிலுக்கு இடமே இல்லை. கரோல் பாக்கிலும் லோதி காலனியிலும் சரோஜினி நகரிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நெருங்கி வாழ்ந்த காலம் அது. குடியிருப்புக்கு நடுவே இருந்த புல்வெளியில் ஷாமியானா கட்டினார்கள். எதிர்வீட்டார் பாற்கணக்கைப் பார்த்துக்கொண்டனர். அடுத்த வீட்டில் சம்பந்திகள் தங்கினர். மாடிவீட்டுப் பிள்ளைகள் புது தில்லி ரயில் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்தனர். இன்று சரோஜினி நகரின் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாடிகள் எழுகின்றன. குடும்பங்கள் துவாரகை, நொய்டா, குருகிராமம், மயூர் விகார் எனத் திசைக்கொன்றாகப் பிரிந்துவிட்டன. பத்து வீடுகள் பகிர்ந்து செய்த வேலையை இன்று ஒரு மாமி செய்கிறார். அவருக்குப் பின் யார் என்று கேட்டோம். "என் பெண்ணுக்கு வங்கியில் உத்தியோகம்" என்று மட்டும் சொன்னார்.

மண்டபம் பிடிப்பதில் அவர் கைக்கொள்ளும் முறை கேட்கத் தக்கது. ஆடியில் முகூர்த்தமில்லை என்பது நம் வழக்கம். வடவருக்கோ திருமால் பள்ளிகொள்ளும் நான்கு மாதமும் விலக்கு. ஆகவே நமக்கு உகந்த ஆவணியில் தில்லி மண்டபங்கள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கின்றன. சூரியன் மீனத்தில் நிற்கும் பங்குனியும் அவர்களுக்கு ஆகாது. நம்மிடம் பங்குனிக் கலியாணம் உண்டு. மார்கழியில் மட்டும் இரு சாராரும் ஒற்றுமையாக ஓய்வெடுக்கிறார்கள். கார்த்திகையில் தேதி கேட்டு வருவோரை மாமி கூடிய மட்டும் ஆவணிக்கு நகர்த்தப் பார்க்கிறார். அதே மண்டபம், அதே விளக்கு; வாடகை மட்டும் வெகுவாகக் குறைகிறது. இதனைப் படிக்கும் பெண்ணைப் பெற்றோர் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

தேதி குறித்த பின்னர் வருவது நேரத் தகராறு. ஊரிலிருந்து வந்த பாட்டனார் ஒருவர், சென்னையில் கணித்த நேரத்தைக் காகிதத்தில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அந்த நேரத்தை இங்கே மாற்ற வேண்டும் என்றதும் அவர் முகம் சிவந்தது.

"பஞ்சாங்கம் பொய் சொல்லுமா, மாமி?"

"சொல்லாது, மாமா. ஆனால் அது சென்னையில் உதிக்கிற சூரியனைப் பார்த்து எழுதியது."

மாமி சொன்னதே சரி. தை மாதத் தொடக்கத்தில் சென்னையில் ஏறக்குறைய 6.35 மணிக்குச் சூரியன் உதிக்கிறது, தில்லியில் 7.15 ஆகிவிடுகிறது. ஆனி மாதத்தில் நிலைமை தலைகீழ்: தில்லியில் 5.25-க்கே உதயம், சென்னையில் 5.40-க்கு மேல். வடக்கே செல்லச் செல்லக் குளிர்காலப் பகல் சுருங்குவதும் கோடைப் பகல் நீளுவதுமே காரணம். உதயம் மாறினால் லக்கினம் மாறும். இராகு காலமும் மாறும். ஆகையால் இங்குள்ள சாஸ்திரிகளைக் கொண்டு தில்லிக்கே கணித்த பின்புதான் மாமி பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கிறார். பாட்டனார் தமது காகிதத்தைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டார். முழுதும் சமாதானமடைந்ததாகத் தோன்றவில்லை.

பத்திரிகை அச்சிடும் இடம் பழைய தில்லியிலுள்ள சாவ்ரி பஜார். பித்தளைச் சாமான்களுக்கும் கலியாணப் பத்திரிகைகளுக்கும் பெயர்பெற்ற தெரு. கடைக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. கணினியில் நம் கொம்பெழுத்துகள் இடம் மாறி நிற்பதும் அவர்களுக்குத் தெரியாது. 'பெண்' என்ற சொல்லில் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்ததை மாமி விரலால் காட்டினார். "மூன்று தடவை பார்க்காமல் எதையும் விடமாட்டேன். தாத்தா பெயரில் எழுத்து விழுந்துவிட்டால் கலியாணமே நின்றது மாதிரி பேசுவார்கள்" என்றார்.

அங்கிருந்து சந்துகளின் வழியே கினாரி பஜாருக்கு நடந்தோம். ஷாஜகானின் மகள் ஜஹானாரா 1650-இல் அமைத்த சாந்தினி சௌக்கை அடுத்த குறுந்தெரு இது. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஒதுங்க வேண்டும். ஜரிகை நாடாவும் கோட்டா வேலைப்பாடும் குஞ்சங்களும் மாப்பிள்ளைத் தலைப்பாகைகளும் கூரை வரை தொங்குகின்றன. சீர்வரிசைத் தட்டுகளுக்கு ஓரம் கட்ட இங்கே நாடா வாங்குகிறார் மாமி. ஆயினும் அவருடைய அழகுணர்ச்சிக்குச் சான்றாக நாம் கருதுவது வேறொன்று. காஞ்சிப் பட்டு உடுத்திய நம் மணப்பெண் தில்லிக் குளிரில் நடுங்கிக்கொண்டே மணையில் அமர்வாள். உடன்பிறந்தாள் ஒருத்தி கையில் கிடைத்த நீல ஸ்வெட்டரைக் கொண்டுவந்து போர்த்துவாள். புகைப்படத்தில் என்றென்றும் அந்த நீலம் நிற்கும். மாமி அரக்கு நிறத்தில் மெல்லிய கம்பளிச் சால்வை வாங்கி, அதன் ஓரத்தில் கினாரி பஜார் ஜரிகையைத் தைத்து வைத்திருக்கிறார். கூறைப்புடவையோடு அது ஒன்றிப்போய்விடுகிறது. ஒன்பது கெஜப் புடவை மட்டும் இங்கே எளிதில் அகப்படாது. ஊரிலிருந்தே வர வேண்டும்.

பூவுக்குச் செல்ல வேண்டிய இடம் கிழக்குத் தில்லியின் காசிப்பூர். மெஹ்ரௌலி, கன்னாட் பிளேஸ், பதேபுரி என மூன்றிடத்தில் நடந்த பூச்சந்தைகளை 2011-இல் இங்கே ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். விடியுமுன் மூட்டை மூட்டையாகச் செவ்வந்தியும் ரோஜாவும் கொட்டிக் கிடக்கின்றன. வடவர் பூவை ஊசியால் கோப்பார்கள். நாமோ நாரில் வைத்துத் தொடுக்கிறோம். மதுரையிலிருந்து மல்லிகை விமானம் ஏறி வந்துவிடுகிறது. தொடுக்கும் விரல்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. வாழையிலை, வெற்றிலை, முருங்கை, சின்ன வெங்காயம் ஆகியவற்றுக்கு ஐ.என்.ஏ. சந்தை உண்டு. அதைப் பற்றி நம் வாசகர்களுக்கு எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும்.

மாமியின் சிறிய காரில் எப்போதும் இசை ஒலிக்கிறது. அவருக்கு உயிரான இரண்டு படங்களுள் ஒன்று, 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'. அதிலே எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம் போட்டி போடும் ஆபேரி ராகப் பாடலை நம்மவருள் அறியாதார் யார்? மற்றொன்று 1959-இல் வந்த 'கூஞ்ச் உட்டீ ஷெனாய்' என்னும் இந்திப் படம்; அதில் ஒலிக்கும் ஷெனாய் பிஸ்மில்லா கானுடையது. மூன்றாண்டு இடைவெளியில், வடக்கிலும் தெற்கிலும் மங்கல வாத்தியங்கள் இரண்டும் வெள்ளித்திரை ஏறின. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே போக்குவரத்து நெரிசலைக் கடக்கிறார் மாமி.

இரண்டும் ஒரு குடும்பத்து வாத்தியங்களே; குணம் வேறு. ஷெனாய் குட்டையானது, அறைக்குள் அமர்ந்து கேட்கலாம். நாயனம் நீண்டது, கோயில் வீதிக்கும் திறந்த வெளிக்கும் பிறந்தது. ஆச்சா மரத்தில் அதைக் கடையும் தஞ்சைச் சீமை நரசிங்கன்பேட்டைக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாத்தியத்துக்குத் தில்லிக் குளிர் பகை. குழலுக்குள் காற்றுக் குளிர்ந்தால் சுருதி இறங்கும். மின்சாரச் சுருதிப்பெட்டியோ இறங்காது. அதனால் தை மாத விடியலில் வித்துவான்கள் சமையற்கட்டுக்கு அருகே அமர்ந்து, வாத்தியத்தை மடியில் வைத்து ஊதி ஊதிச் சூடேற்றுவதைக் கண்டோம். பூபாளமோ மலயமாருதமோ எழுந்து வருவதற்கு முன் இவ்வளவு பாடு இருக்கிறது. இங்குள்ள கோயில்களைச் சார்ந்த குழுக்கள் சில உண்டு; ஒரே நாளில் முகூர்த்தங்கள் பல வந்தால் அவை போதா. ஊரிலிருந்து வரவழைத்தால், பனிமூட்டத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எப்போது வந்து சேரும் என்பது அடுத்த கவலை.

சட்டமும் குறுக்கே வருகிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் கூடாது என்பது ஒலி மாசு விதி. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. நள்ளிரவுக் கொண்டாட்டத்தை அடக்க வந்த விதி, நான்கரை மணி முகூர்த்தத்தின் கெட்டிமேளத்தையும் தொடுகிறது. அதனால் அதிகாலை முகூர்த்தமென்றால், கதவடைத்த மண்டபமன்றி வேறிடத்துக்கு மாமி இசைவதில்லை. சில வீட்டார், "பத்து மணிக்கு வைத்துக்கொண்டால் நாலு பேர் வருவார்கள்" என்கிறார்கள். பகலில் நல்ல லக்கினம் இருந்தால் அதிலே பிழை காண்பதற்கில்லை. ஆனால் நாயனத்தை மாலை வரவேற்பில் வாயில் அலங்காரமாக நிறுத்திவிட்டு, தாலி கட்டும் வேளையில் ஒலிநாடாவைப் போடச் சொல்வோரும் உண்டு. அதை மாமி ஏற்பதில்லை. நாமும் அவர் கட்சியே. தாலி முடியும் கணத்தில் தவில் பொங்கியெழ வேண்டும். இயந்திரத்துக்கு அந்தக் கணம் தெரியாது.

இப்போது மாமி நடத்தும் கலியாணங்களில் பல, இரு மொழிக் குடும்பங்கள் இணைபவை. முதல் நாள் இரவு குதிரை. மறுநாள் காலை காசி யாத்திரை. பஞ்சாபி மாப்பிள்ளை ஒருவரிடம், குடையும் விசிறியும் கொண்டு துறவு பூணப் புறப்பட வேண்டும் என்று விளக்கியபோது, "இப்போதுதானே வந்தேன்?" என்று அவர் உண்மையாகவே கலங்கினாராம். இன்னொரு சங்கடம் செருப்பு. மாப்பிள்ளையின் செருப்பை மைத்துனிமார் ஒளித்துவைத்துப் பணம் பெறுவது வடநாட்டு விளையாட்டு. காசி யாத்திரைக்கோ செருப்பு வேண்டும். மாமியின் கைப்பையில் மஞ்சள், குங்குமம், தீப்பெட்டி, தலைவலித் தைலம் ஆகியவற்றோடு புதுச் செருப்பும் ஒரு ஜோடி இருக்கிறது.

புரோகிதரின்றித் திருக்குறள் ஓதித் தாலி கட்டும் திருமணங்களையும் அவர் நடத்துகிறார். அத்தகையோருக்கு அவர் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று: சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்து திருமணச் சட்டத்தில் இடமளிக்கும் 7-ஏ பிரிவு தமிழ்நாடு செய்த திருத்தம், அதனைத் தில்லியில் காட்ட இயலாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிந்துகொள்வதே பாதுகாப்பு. பத்திரிகை அடிக்கும் அவசரத்தில் இதை மறந்து, பின்னர் கடவுச்சீட்டு அலுவலகத்தில் நின்று வருந்துவோர் உண்டு.

நாம் உடனிருந்த கடைசிக் கலியாணத்தில் பந்தி முடிந்து, சம்பந்திகள் புறப்பட்ட பின்பு, மேடையருகே மாமி குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அம்மிக்கல். மணமகள் கால் வைத்து மெட்டியணிய அம்மி வேண்டும். தில்லியில் எவர் வீட்டிலும் அது இல்லை. அவருடைய மாமியார் மாயவரத்திலிருந்து ரயிலில் கொண்டுவந்த கல் இது. மேற்புறம் அரைத்தரைத்துத் தேய்ந்து குழிந்திருந்தது; அந்தக் குழிவில் அன்றைய மஞ்சள் இன்னும் ஈரமாயிருந்தது. எத்தனை பெண்கள் இதன்மேல் கால் வைத்தார்கள் என்று கேட்டோம். எண்ணவில்லை என்றார். பந்தற்காரப் பையனை அழைத்து, "தம்பி, பார்த்துத் தூக்கு, வெள்ளிக்கிழமை துவாரகையில் வேண்டும்" என்றார்.