குதிரை படுக்கும் இடம்

இருங்காட்டுக்கோட்டையில் குதிரை என்ற சொல் எஞ்சினையே குறிக்கும். 1990-இல் இங்கே மோட்டார் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1998-இல் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார்கள் வெளிவரத் தொடங்கின. அதன்பின் ஒரகடம் வரை ஒவ்வொரு வளைவிலும் ஏதேனும் ஓர் உதிரிபாகம் செய்கிறார்கள். ஆலைவாசல் தேநீர்க்கடையில் நான் குதிரை வைத்திருப்பதாகச் சொன்னபோது, அருகிலிருந்த இளைஞர் சிறிதும் சிரிக்காமல் "எத்தனை சி.சி. சார்?" என்று கேட்டார். (ஒரு குதிரையின் ஆற்றல் ஒரு குதிரைத்திறன் என்று நினைப்பது தவறு. சில நொடிகளுக்கு அதனால் பதினான்கு, பதினைந்து குதிரைத்திறன் வரைகூடக் காட்ட முடியும். இதை அவரிடம் சொன்னேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.)

குதிரை நான் விரும்பி வாங்கியதல்ல. கிண்டியில் ஓடி ஓய்வுபெற்ற ஒரு பெண்குதிரையை வாங்கி வைத்திருந்த நண்பர், வேலை நிமித்தம் வெளிநாடு செல்ல நேர்ந்தபோது என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பந்தயப் புத்தகத்தில் அதற்கு ஆங்கிலத்தில் நீண்ட பெயர் உண்டு. நான் அழைப்பது செவலை என்று. பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கி, பெரும்பாலும் பத்து வயதுக்குள் களத்தைவிட்டு விலகிவிடுகின்றன. அதற்குப்பின் இருபது ஆண்டுகள் வரை உயிர்வாழ்கின்றன. அந்த நீண்ட பிற்பகுதியை எங்கே கழிப்பது என்பது குதிரைக்கு மட்டுமான கேள்வி அல்ல என்பதால் எனக்கு அதன்மேல் உடனே ஒரு பரிவு உண்டாயிற்று.

வீட்டில் வைத்துக்கொள்ள இயலாதவர்களின் குதிரைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரிக்கும் லாயங்கள் சென்னையின் புறப்பகுதிகளில் சில இருக்கின்றன. நான் முதலில் தேர்ந்தெடுத்த இடம் பார்க்க அழகானது. வெள்ளை வண்ணமடித்த வேலி, ஓட்டுக்கூரை, ஒவ்வொரு கொட்டடிக்கும் மின்விசிறி, வருவோர் அமர்ந்து காப்பி குடிக்க ஒரு தாழ்வாரம். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி என்ற கொட்டடி அளவும் சரியாக இருந்தது. நான் புத்தகத்தில் படித்துவிட்டுப் போயிருந்த எல்லாமே அங்கே இருந்தன. இரண்டு குதிரைகள் கதவுக்குமேல் தலையை நீட்டி, இடமும் வலமுமாக ஊசல்போல ஆட்டிக்கொண்டிருந்தன. என் மகள் அவை நடனமாடுவதாகச் சொன்னாள். நானும் ரசித்தேன். அடைபட்டு, இனத்தோடு கலவாமல், நாளெல்லாம் மெல்லப் புல் இல்லாமல் நிற்கும் குதிரை அப்படி ஆடும் என்பதையும், மரத்தைப் பல்லால் பற்றிக் காற்றை விழுங்குவதும் அந்த வகை என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

பதினொரு குதிரைகளுக்கு ஒரே ஒரு ஆள். குதிரை பராமரிப்பவரைக் கிண்டியில் 'சைஸ்' என்பார்கள். அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். அவர் நல்லவர், கைநுட்பம் உள்ளவர். ஆனால் எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருப்பார். குடிப்பார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. நான் போனபோது செவலை தரையில் புரண்டுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்று முன்னங்காலால் தரையைப் பறித்தது, மறுபடி விழுந்தது. சூலைநோய். லாயங்களில் 'காலிக்' என்றே சொல்கிறார்கள். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. அவ்வளவு பெரிய உடலுக்கு இரைப்பை மிகச் சிறியது. அதன்பின் வரும் குடலோ நீண்டது, திருகிக்கொள்ளக் கூடியது. உள்ளே போனது வெளியே போயாக வேண்டும், வேறு வழியில்லை. முந்தைய நாள் பிற்பகலில் மோட்டார் பழுதாகித் தண்ணீர்த் தொட்டி வற்றியிருக்கிறது. கோடையில் நாளுக்கு நாற்பது லிட்டருக்குமேல் குடிக்கும் விலங்கு காய்ந்த வைக்கோலைத் தின்றுவிட்டு இரவெல்லாம் வெறும் தொட்டியை நக்கிக்கொண்டிருந்திருக்கிறது. மரத்தடுப்பில் குளம்பு உதைத்த தடங்களைப் பார்த்தால் வலி நள்ளிரவிலேயே தொடங்கியிருக்க வேண்டும். கேட்க ஆளில்லை.

மருத்துவர் நகரத்திலிருந்து பூந்தமல்லி நெரிசலைக் கடந்து வந்துசேர ஒன்பது மணி ஆயிற்று. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்தினார், வலிக்கு ஊசி போட்டார், எண்ணெயும் தண்ணீரும் ஊற்றினார். மாலை நான்கு மணிக்குச் செவலை சாணமிட்டது. அதற்கு முன்னும் பின்னும் நான் எந்தச் சாணத்தையும் அத்தனை நன்றியுடன் பார்த்ததில்லை.

இரவு எங்கே போயிருந்தாய் என்று அந்த சைஸைக் கேட்டேன். கேட்டேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதே சரி. அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் இரவுக்காவல் வேலைக்குப் போவதாகச் சொன்னார். "இங்க குடுக்கறது வாடகைக்கே சரியாப் போவுது சார். அங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்." அசையாமல் அடுக்கி வைக்கப்பட்ட பெட்டிகளுக்கு இரவில் விழித்திருக்க ஒரு மனிதன் உண்டு, பதினொரு உயிர்களுக்கு இல்லை. இந்தச் சாலையின் பொருளாதாரம் அப்படி அமைந்துவிட்டது. லாய உரிமையாளரிடம் பேசினேன். குதிரைகள் இரவில் தூங்கத்தானே செய்யும் என்றார்.

அந்த வாக்கியம் பல நாள் என்னைவிட்டுப் போகவில்லை. குதிரையும் இரவும் நம் கதைமரபில் வேறுமாதிரி சந்தித்துக்கொள்கின்றன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வாதவூரர் வாங்கிவரவேண்டிய குதிரைகள் மதுரைக்கு வந்துசேர்கின்றன. பகலில் அரசன் அவற்றைப் பார்வையிடுகிறான். நடை, சுழி, நிறம் எல்லாம் குறையற்றவை. பந்தியில் கட்டுகிறார்கள். இரவில் அவை நரிகளாகி, ஏற்கெனவே அங்கே கட்டியிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன. பக்தியின் வழியாகவே இக்கதையைப் படித்துப் பழகியிருக்கிறோம். வாதவூரர் படும் துன்பம் நமக்குத் தெரியும். நான் இப்போது நினைப்பது, கயிற்றில் கட்டப்பட்டு ஓட முடியாமல் நின்ற அந்தப் பழைய குதிரைகளை. வந்தவை நரிகள் என்று முதலில் அறிந்தவை அவையே. அரசன் பகலில் பார்த்தான், நான் பார்த்ததைப்போல.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓர்முஸ், ஏடன் போன்ற துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் பெரும்பொருள் கொடுத்து இறக்குமதியாகின்றன. ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. இங்குள்ளோருக்குப் பராமரிக்கத் தெரியாததும், லாடமடித்து வைத்தியம் பார்ப்பவர் இல்லாததும் காரணம் என்கிறார். வேகவைத்த சோறும் இறைச்சியும் தீனியாம். இதைவிட முக்கியமாக, குதிரை வணிகர்கள் அத்தகைய வைத்தியர்களைத் தாங்கள் அழைத்து வராததோடு, வேறு யாரும் வராமலும் தடுத்தார்கள் என்றும் சொல்கிறார். குதிரைகள் செத்தால்தான் அடுத்த ஆண்டும் விற்கலாம். பயணியின் கண்ணுக்குரிய மிகை இதில் இருக்கலாம். ஆனால் குதிரைக்குக் கொட்டும் பணம் குதிரையறிந்த மனிதனுக்குப் போய்ச்சேர்வதில்லை என்ற பகுதியை நான் ஐயமின்றி நம்புகிறேன்.

வேறு இடம் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஓர் இடம் காட்டினார்கள், கண்ணுக்கு நிறைவான காட்சி. ஆனால் நீர்க்கரையின் ஈரமண்ணில் பெருகும் குதிரை ஈக்கள் 'சர்ரா' நோயைக் கொண்டுவருபவை. 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் பஞ்சாபில் அந்த நோயின் கிருமியைக் குதிரை, ஒட்டகங்களின் குருதியில் கண்டுபிடித்தார். தவிர, 2015 டிசம்பரை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று கட்டுத்தறியில் நின்ற மாடுகளுக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கே வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னோரிடத்தில் வேலிக்கு அப்பால் பச்சைப் பசேலென்று கம்பு நேப்பியர் புல் வளர்த்திருந்தார்கள். பால்மாட்டுக்கு அது வரம். குதிரைக்கு அதை மட்டுமே போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் உப்பு சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. கூடவே கோதுமைத் தவிடும் கொடுத்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகவெலும்பு வீங்கும். அங்கே ஒரு குதிரையின் முகம் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது. உரிமையாளர் அதை இனத்தின் அழகு என்று விளக்கினார். தமிழில் லூசர்ன் என்ற தீவனப்பயிருக்குக் குதிரைமசால் என்று பெயர். பெயரிலேயே குதிரை இருந்தும் அந்தப் பண்ணையில் அதை ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் சேர்ந்த இடம் திருப்பெரும்புதூரைத் தாண்டி, ஒரு பழைய மாந்தோப்பு. கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்திருந்தார்கள். வேலி சவுக்குக் கழி. ஆறு குதிரைகள், அவற்றில் நான்கு மரநிழலில் ஒன்றாக நின்று வாலால் ஒன்றன் முகத்தில் மொய்க்கும் ஈயை மற்றொன்று விரட்டிக்கொண்டிருந்தன. பொறுப்பில் இருந்தவர் அறுபதைத் தாண்டியவர். கிண்டி லாயங்களில் சிறுவனாக இருந்தபோதிலிருந்தே வேலை பார்த்தவர். 2024 செப்டம்பரில் கிண்டிப் பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்துசெய்து அரசு முத்திரையிட்ட செய்தி வந்த நாளில், அந்தக் குதிரைகளெல்லாம் எங்கே போகும் என்று நான் எண்ணினேன். அந்தக் கைகள் எங்கே போகும் என்று எண்ணத் தோன்றவில்லை.

நான் கொண்டுபோயிருந்த கேள்விகளைக் கேட்க விடாமல் அவர் கேட்டார். தண்ணீர் வாளியில் குடிக்குமா தொட்டியிலா, எந்தக் காலைத் தூக்க மறுக்கும், லாடம் கடைசியாக எப்போது அடித்தது, வெயிலில் வியர்க்கிறதா. வியர்க்கிறதா என்ற கேள்வி என்னை உலுக்கியது. வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். பார்ப்பவர் சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்வார், அது உள்ளே வெந்துகொண்டிருக்கும். பிறகு, "நைட்ல படுக்குதா சார்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்றேன்.

"கண்ணசரும் சார், அது தூக்கமில்ல. படுத்தாத்தான் தூக்கம்."

அவர் சொன்னது உண்மை என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். முழங்காலைப் பூட்டிக்கொண்டு நின்றபடி அது இளைப்பாறும். ஆனால் கனவு காணும் ஆழ்துயில் படுத்தால்தான் வரும். ஒருநாளைக்கு அரைமணி, ஒருமணி நேரம் போதும். அஞ்சினால் அதுவும் படுக்காது. இரைவிலங்கின் உடல் அது. படுத்துவிட்டால் எழுந்து ஓட நேரமாகும், ஆகவே பக்கத்தில் இன்னொன்று விழித்து நிற்கவேண்டும். நாட்கணக்கில் படுக்காத குதிரை நின்ற இடத்திலேயே முழங்கால் மடிந்து விழும். செவலையின் முன்முழங்கால்களில் இருந்த பழைய காயங்களை அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே இரண்டு பேர் முறைவைத்து இரவில் இருக்கிறார்கள். அதற்கான சம்பளம் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறது. முந்தைய இடத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. என் மனைவிக்கு அது இன்னும் உடன்பாடில்லை, அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்நேரமும் மருத்துவரை அழைக்கலாம், என்னைக் கேட்கக் காத்திருக்க வேண்டாம் என்று முதல்நாளே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிழைக்காது என்ற நிலை வந்தால் முடிவெடுப்பது யார் என்றும் கேட்டார்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

முதல் இரண்டு வாரம் செவலை கொட்டடியின் மூலையில் காதை விறைத்து நின்றது என்று பெரியவர் சொன்னார். பக்கத்துக் கொட்டடியில் ஒரு கிழட்டுக் கத்தியவாரிக் குதிரையை மாற்றிக் கட்டி, நடுத்தடுப்பில் இரண்டு பலகைகளைக் கழற்றிவிட்டார். நான் இரவுப்பணி முடிந்து வரும் வழியில் அதிகாலையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். அது நின்றுகொண்டே இருக்கும்.

மூன்றாவது வாரம் ஒருநாள் போனபோது, பெரியவர் தேய்ப்பானைக் கையில் வைத்துக்கொண்டு, தேய்க்காமல், வாசலில் உட்கார்ந்திருந்தார். "நீங்க பாக்கணும்னுதான் சார் அப்படியே வுட்டு வச்சேன்" என்றார். செவலையின் இடப்பக்க விலா முழுவதும், தோள் முதல் தொடை வரை, கன்னத்திலும்கூட, நெல் உமி ஒட்டியிருந்தது.